மூன்று குண்டு, ஓர் அங்குலம்: தம்பியின் துப்பாக்கி கேரண்டியை அளந்து பார்த்த கதை

போன மே மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், சித்தி மகன் ஐந்து தாள்களைக் கொண்டுவந்து டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் பரப்பினான். ஒரு தாளில் இருந்த மூன்று ஓட்டைகளையும் ஓர் ஐந்து ரேண்ட் நாணயத்தால் மூடிவிடலாம். இன்னொரு தாளில் அதே நாணயத்தை இரண்டு வைத்தாலும் போதாது. இரண்டையும் சுட்டது ஒரே துப்பாக்கி, ஒரே பெட்டித் தோட்டா, ஒரே காலைப்பொழுது. "அண்ணா, ஒரு எம்ஓஏ கேரண்டின்னு சொல்லித்தானே வித்தாங்க, ஏமாத்திட்டாங்களா?" என்றான். எம்ஓஏ என்பது குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று சொல்லும் அளவு, 100 கெஜத்தில் ஏறக்குறைய ஓர் அங்குலம்.

நான் ஜேக்கப்ஸில் ஒரு இயந்திரப் பட்டறையில் தரச் சோதனை பார்ப்பவன். இருபது வருடமாக வெர்னியரும் மைக்ரோமீட்டரும்தான் பிழைப்பு. வேட்டை என்பது எனக்கு வருடத்துக்கு ஒரு தடவை வந்துபோகும் சபலம், அவ்வளவுதான். ஆனால் "இந்த அளவுக்குள் இருக்கும்" என்று ஒருவர் எழுத்தில் உத்தரவாதம் கொடுத்தால், எதை, எப்படி, எத்தனை தடவை அளந்து அப்படிச் சொல்கிறார் என்று கேட்காமல் இருக்க என்னால் முடியாது. அடுத்த பத்து வாரம் அதைத்தான் செய்தோம்.

துப்பாக்கி என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். .308 வின்செஸ்டர் தோட்டா சுடுவது, மெல்லிய பேரல், அதைத் தாங்க அச்சில் வார்த்த பிளாஸ்டிக் கட்டை, கூடவே ஒரு ஸ்கோப்பும் மாட்டி ஒரே விலைக்குக் கொடுத்த பேக்கேஜ். கம்பெனி பெயர் இங்கே வேண்டாம், இந்த விலையில் விற்கும் பலதுக்கும் கதை ஒன்றுதான். கேரண்டித் தாளைப் பொறுமையாகப் படித்தால் இவ்வளவு இருந்தது: 100 கெஜ தூரத்தில், ஆறிய பேரலில், தொழிற்சாலையில் தயாரித்த உயர்தரத் தோட்டாவுடன், 3 குண்டுகள் 1 எம்ஓஏவுக்குள் விழும். தம்பி சுட்டது 100 மீட்டரில், இங்கே கிடைக்கும் மலிவான, 150 கிரெயின் எடைக் குண்டுள்ள மெதுமுனைத் தோட்டாவில், ஒரு மணி நேரத்தில் பதினைந்து குண்டு. அதாவது கேரண்டி போட்ட நான்கு நிபந்தனையில் மூன்றை அவன் முதல் நாளே மீறியிருந்தான், அதுவும் தெரியாமலே.

தூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எம்ஓஏ என்பது ஒரு கோணம், ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. 100 கெஜத்தில் அது 26.6 மி.மீ., 100 மீட்டரில் 29.1 மி.மீ. தென்னாப்பிரிக்காவில் சுட்டுப் பழகும் ரேஞ்சுகள் மீட்டரில்தான் அளந்து கட்டியிருக்கின்றன, கேரண்டி அமெரிக்கக் கெஜத்தில் வருகிறது. அதோடு சிலர் கோணம் சொல்லாமல் அங்குலத்தைச் சொல்கிறார்கள். வெதர்பி கம்பெனியின் வான்கார்டு துப்பாக்கிக் கேரண்டி அப்படித்தான்: 100 கெஜத்தில், ஆறிய பேரலில், அவர்களுடைய தோட்டா அல்லது உயர்தரத் தோட்டாவில், 3 குண்டு 0.99 அங்குலத்துக்குள். அது 25.1 மி.மீ., நம் 100 மீட்டரில் 27.5. இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றரை மி.மீ.தான், ஆனால் "கேரண்டி தப்பிவிட்டது" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர் எந்த எண்ணைத் தாண்டினால் தப்பியது என்றாவது தெரிந்துகொண்டு போகவேண்டும் அல்லவா?

சரி, தாள்களை அளந்தேன். ஓட்டையின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு வெர்னியர் வைத்து, ஒரு ஓட்டையின் விட்டத்தைக் கழித்தால் மையத்துக்கு மையம் அளவு வரும். இங்கேதான் பலர் தங்களுக்குத் தாங்களே சலுகை கொடுத்துக்கொள்கிறார்கள். குண்டின் விட்டம் 7.82 மி.மீ. என்று புத்தகத்தைப் பார்த்துக் கழித்துவிடுவார்கள். ஆனால் காகிதம் ரப்பர் மாதிரி கொஞ்சம் சுருங்கிக்கொள்கிறது, தாளில் தனியாக விழுந்த ஓட்டையை அளந்தால் 7.2தான் இருந்தது. அந்த 0.6 மி.மீ.யைக் கூடுதலாகக் கழித்தால் குரூப், அதாவது சேர்த்துச் சுட்ட குண்டுகளின் பரவல், உண்மையைவிடச் சின்னதாகத் தெரியும். நான் 7.2ஐக் கழித்தேன்.

வந்தது இது: 24, 41, 33, 19, 46. சராசரி 32.6 மி.மீ.

19 என்றால் முக்கால் எம்ஓஏகூட இல்லை, எந்த விளம்பரத்திலும் போடலாம். 46 என்றால் ஒன்றரை எம்ஓஏவுக்கு மேல். கேரண்டி எல்லை 29.1 என்று வைத்தால் ஐந்தில் இரண்டு பாஸ், மூன்று பெயில். கடைக்காரர் 19ஐக் காட்டுவார், தம்பி 46ஐக் காட்டுவான், இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இதில் எது அந்தத் துப்பாக்கி?

எதுவும் இல்லை என்பதுதான் பதில். ஐந்து தாள்களிலும் குறிவைத்த புள்ளி ஒன்றே என்பதால், ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, வெளிச்சத்தில் பதினைந்து ஓட்டையையும் ஒரே தாளில் குறித்தேன். மொத்தப் பரப்பு 57 மி.மீ., கிட்டத்தட்ட 2 எம்ஓஏ. தம்பி முகம் தொங்கிப்போனது. நான் அவனிடம் சொன்னது: தைப்பூசத்தன்று காவடி வரிசையில் நிற்கிறவர்களில் கண்ணை மூடிக்கொண்டு மூன்று பேரைப் பிடித்து, நெட்டைக்கும் குட்டைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அளந்தால் ஒரு எண் வரும். பத்துப் பேரைப் பிடித்தால் அந்த வித்தியாசம் பெரும்பாலும் கூடும், ஏனென்றால் கூட்டம் கூடக் கூட ஒரு நெட்டையனாவது ஒரு குட்டையனாவது மாட்டிக்கொள்வான். வரிசையில் நிற்கிற ஆட்கள் மாறவில்லை, பிடித்த எண்ணிக்கைதான் மாறியது. குண்டும் அப்படித்தான். ஒரே துப்பாக்கியில் 3 குண்டு குரூப் சராசரி 30 மி.மீ. என்றால், 5 குண்டு குரூப் சராசரி 38 வரும், 10 குண்டு என்றால் 47 வரும். இது துப்பாக்கியின் குற்றமே இல்லை, புள்ளியியல்.

அது மட்டும் இல்லை. 3 குண்டு குரூப் ஒவ்வொரு தடவையும் தாறுமாறாக மாறும். சராசரி 30 உள்ள துப்பாக்கி ஒரு தடவை 19 கொடுக்கும், அடுத்த தடவை 41 கொடுக்கும், இரண்டும் சர்வ சாதாரணம். சராசரியாக 1.25 எம்ஓஏ சுடும் துப்பாக்கி, அதாவது கேரண்டியில் தோற்கவேண்டிய துப்பாக்கி, 3 குண்டு சுட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை 1 எம்ஓஏவுக்குள் போட்டுவிடும். மூன்று வாய்ப்புக் கொடுத்தால் ஒரு தடவையாவது பாஸாக மூன்றில் இரண்டு பங்கு சாத்தியம். கேரண்டியில் "ஒவ்வொரு தடவையும்" என்றோ "சராசரியாக" என்றோ எங்கும் எழுதவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தோம். ஒரு தடவை விழுந்தாலே போதும், கம்பெனி சொன்ன சொல் காப்பாற்றப்பட்டுவிட்டது.

இதற்கு ஒரு நல்ல ஒப்பீடு பின்லாந்திலிருந்து கிடைக்கிறது. சாக்கோவும் டிக்காவும் அங்கே ரீஹிமாக்கி ஊரில் ஒரே கம்பெனி செய்யும் துப்பாக்கிகள். மலிவான டிக்காவுக்கு 3 குண்டில் 1 எம்ஓஏ, விலை கூடிய சாக்கோவுக்கு 5 குண்டில் 1 எம்ஓஏ. எண் ஒன்றுதான், ஆனால் ஐந்து குண்டு வாக்குறுதி கால்பங்குக்கு மேல் கடுமையானது. 5 குண்டில் 1 எம்ஓஏ என்றால் 3 குண்டில் 0.8க்குப் பக்கம். கடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "இரண்டும் ஒரு எம்ஓஏ சார்" என்று சொன்னால் அந்த வித்தியாசம் காணாமல் போய்விடும்.

கம்பெனிகள் மூன்றைத் தேர்ந்தெடுத்ததில் நியாயமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். வேட்டைத் துப்பாக்கியின் பேரல் மெலிசு, தோளில் மாட்டி நாள் முழுக்க நடக்கவேண்டும், நான்காவது ஐந்தாவது குண்டில் சூடேறிக் கொஞ்சம் அலைந்தால் மானுக்கு என்ன வந்தது? முதல் குண்டு போய்ச் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி.

அப்புறம், துப்பாக்கியைக் குறை சொல்வதற்கு முன்னால் பொருத்தத்தைப் பார்த்தோம். ஸ்கோப்பைக் கழற்றியபோது அதன் கீழ்ப்பட்டையின் முன் திருகு, நான் அழுத்தமே கொடுக்காமல் கால் சுற்று சுற்றியது. பேக்கேஜ் ஸ்கோப் பெட்டியிலேயே மாட்டி வருவதால் யாரும் அதைத் தொட்டுப் பார்ப்பதில்லை. எண்ணெயைத் துடைத்து, கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கினோம். அடுத்தது கட்டை. ஒரு பத்து ரேண்ட் நோட்டை எடுத்துப் பேரலுக்கும் கட்டைக்கும் நடுவில் சொருகி இழுத்தால், வெண்ணெயில் கத்தி மாதிரி முன்னிருந்து பின்வரை ஓடியது. நல்லது என்று நினைத்தோம். பிறகு துப்பாக்கியை மணல் மூட்டையில் வைத்து, தம்பி வழக்கம்போலத் தோளால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நோட்டை மறுபடி இழுக்கச் சொன்னேன். இடது பக்கத்தில் மண்டேலா முகத்தோடு நோட்டு சிக்கிக்கொண்டது, இழுத்தால் கிழிந்திருக்கும். பிளாஸ்டிக் கட்டையின் முன்பகுதி பாரம் விழுந்ததும் வளைந்து பேரலைத் தொடுகிறது. ஒவ்வொரு தடவை அழுத்தம் மாறும்போதும் தொடுதல் மாறும், குண்டு விழும் இடமும் மாறும். இதற்குப் பெரிய வைத்தியம் ஒன்றும் இல்லை. உள்பக்கத்தை உப்புத்தாள் சுற்றிய குழாயால் தேய்த்தோம், மூட்டையைக் கட்டையின் நுனியிலிருந்து பின்னுக்கு, மேகசின் என்ற தோட்டாக் கூடு பக்கமாகத் தள்ளி வைத்தோம்.

மலிவுத் துப்பாக்கியில் காசு எங்கே மிச்சம் பிடிக்கிறார்கள் என்பது இதில் தெரிகிறது. பேரலில் இல்லை. சாவேஜ் கம்பெனி 1958இல் 110 மாடலில் பேரலை ஒரு நட்டு போட்டு இறுக்கும் முறையைக் கொண்டுவந்தது. தேர்ந்த ஆள் உட்கார்ந்து இழைத்து இழைத்துப் பொருத்தவேண்டிய வேலை, ஓர் அளவு கேஜும் ஒரு ஸ்பானரும் வைத்துக்கொண்டு முடிகிற வேலையானது. இன்றைக்குப் பல மலிவு ரைபிள்கள் அந்த வழியில்தான் போகின்றன. கணினி இயந்திரம் வந்தபிறகு நல்ல பேரல் செய்வது பெரிய வித்தை இல்லை, நான் தினமும் பார்க்கிற தொழில் அது. மிச்சம் பிடிப்பது கட்டை, மேகசின், மேல்பூச்சு, ஸ்கோப், இவற்றில்தான். கேரண்டி பேரலை நம்பிக் கொடுக்கப்படுகிறது, நீங்கள் சுடுவது மொத்தத்தையும் சேர்த்து.

இனி சுடுகிறவன். இதைத் தம்பிக்குச் சொல்லாமல் செய்தேன். மேகசினில் வெடிக்காத போலித் தோட்டா ஒன்றை நடுவில் கலந்து கொடுத்தேன். மூன்றாவது தடவை விசையை இழுத்தபோது 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. துப்பாக்கி முனை கோழி கொத்துகிற மாதிரி ஒரு குத்துக் குத்தி எழுந்தது. உதை வரப்போகிறது என்று உடம்பு முன்கூட்டியே பயந்து தள்ளுகிறது. "நான் ஒண்ணும் பண்ணலையே அண்ணா" என்றான். போனில் எடுத்த வீடியோவைக் காட்டினேன், அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. இலேசான துப்பாக்கியில் .308ஐ ஒரே மூச்சில் பதினைந்து சுட்டால் யாருக்கும் அப்படித்தான் ஆகும், எனக்கும் ஆகியிருக்கிறது. அதன்பிறகு ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் வேண்டாம் என்று வைத்துக்கொண்டோம்.

பழையபடி மலிவுத் தோட்டாவில் பத்து குண்டு, ஐந்து ஐந்தாகப் பேரலை ஆறவிட்டு: 44 மி.மீ. மூன்று மடங்கு விலையுள்ள உயர்தரத் தோட்டாவில் பத்து: 38. "பார்த்தீங்களா, காஸ்ட்லி தோட்டா பிடிச்சிருக்கு இதுக்கு" என்றான். இல்லையடா, பத்துக் குண்டு குரூப்பே ஐந்தில் ஒரு பங்கு மேலேயும் கீழேயும் ஆடும். 44க்கும் 38க்கும் உள்ள இடைவெளி வெறும் அதிர்ஷ்டமாக இருக்கலாம். அந்தக் கணக்கில், திருகை இறுக்கியதால் முன்னேறினோம் என்று நான் சொல்வதும் பாதி நம்பிக்கைதான், ஆடிக்கொண்டிருந்த திருகை யாரும் அப்படியே விடமாட்டார்கள் என்பதால் இறுக்கினோம். அடுத்த வாரம் இரண்டிலும் இன்னொரு பத்து. மலிவு 49, உயர்தரம் 35. சரி, இப்போது கொஞ்சம் நம்பலாம். உயர்தரத் தோட்டாவில் இந்தத் துப்பாக்கி 3 குண்டுக்குச் சராசரி 23 மி.மீ. பக்கம் வரும், அதாவது கேரண்டி உண்மை. மலிவுத் தோட்டாவில் சராசரி 29ஐ ஒட்டி நிற்கும், அன்றன்றைக்கு அதிர்ஷ்டம் எப்படியோ அப்படி.

இதற்குள் தம்பி கடைக்கும் எழுதிப் போட்டிருந்தான். பதில் மரியாதையாகவே வந்தது, கேள்விகளாக. என்ன தோட்டா, எந்தப் பெட்டி எண், எத்தனை கெஜம், யார் சுட்டது, ஸ்கோப் யார் மாட்டியது, பேரலை எப்படிச் சுத்தம் செய்தீர்கள்? துப்பாக்கியைத் திருப்பி அனுப்பினால் அவர்களே சுட்டுப் பார்ப்பார்கள், 3 குண்டு உள்ளே விழுந்தால் அப்படியே திரும்பி வரும், போக வரச் செலவு நம்முடையது. அதோடு ஒரு வேடிக்கை. கேரண்டிக் காலத்தை அவர்கள் பில் போட்ட தேதியிலிருந்து எண்ணுகிறார்கள். இந்த நாட்டில் பில் போட்ட அன்றைக்கே துப்பாக்கி கைக்கு வருமா? 2000ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி முதலில் தகுதிச் சான்றிதழ், பிறகு அந்தக் குறிப்பிட்ட துப்பாக்கிக்கே போலீஸ் லைசென்ஸ், அது வரும்வரை கடைப் பெட்டகத்தில்தான் கிடக்கும். தம்பிக்கு ஐந்து மாதம் ஆனது. ஒரு குண்டுகூடச் சுடாமலே ஐந்து மாதக் கேரண்டி கரைந்துவிட்டது.

2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இந்த இடத்தில் கம்பெனித் தாளைவிட உபயோகமானது. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் தரக்குறைவு இருந்தால், பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணம் திருப்புவதா என்று தீர்மானிப்பது வாங்கியவர். ஆனால் துப்பாக்கியை மாற்றினால் சீரியல் எண் மாறும், சீரியல் எண் மாறினால் லைசென்ஸ் மறுபடி முதலிலிருந்து. பேரலை மட்டும் மாற்றலாம் என்றால், பேரலையும் சட்டம் முக்கியப் பாகமாகவே பார்க்கிறது, அதற்கும் காகிதம். ஆக அமெரிக்கக்காரனுக்கு "மாற்றித் தருவோம்" என்பது இரண்டு வார வேலை, டர்பன்காரனுக்கு ஒரு வேட்டைப் பருவமே போய்விடும். கேரண்டியின் விலை நாட்டுக்கு நாடு மாறுகிறது என்று நான் சொன்னால் சிரிக்கிறார்கள், இதுதான் காரணம்.

தோட்டாவிலும் சட்டம் கை வைக்கிறது. வேட்டைச் சங்கத்தில் சேர்ந்து 'டெடிகேட்டட் ஹண்டர்' என்ற தகுதி வாங்காதவர், ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாவுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. அதில் இரண்டு வகையில் இருபது இருபது சுட்டுச் சோதிப்பது என்பது, பெரும்பாலோர் செய்யத் துணியாத ஆடம்பரம். அதனால்தான் மூன்று குண்டில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

திருப்பி அனுப்பவேண்டாம் என்று முடிவானது. கடைசியாக இரண்டு சோதனை மட்டும் செய்தோம். ஒன்று, ஐந்து வெவ்வேறு நாள், ஒவ்வொரு நாளும் ஆறிய பேரலில் ஒரே ஒரு குண்டு, எல்லாம் ஒரே தாளில். தாளை மடித்து வண்டியின் கையுறைப் பெட்டியில் வைத்துக்கொண்டே திரிந்தான். ஐந்தும் 31 மி.மீ.க்குள் விழுந்தன. என்னைக் கேட்டால் கேரண்டியே இந்தச் சோதனைக்குத்தான் கொடுக்கவேண்டும். இரண்டாவது, மேசையை விட்டு எழுந்து, புதரில் எப்படிச் சுடுவானோ அப்படி, மூன்று கால் குச்சியில் தாங்கி நின்றுகொண்டு 100 மீட்டரில் ஐந்து குண்டு. 130 மி.மீ. கம்பெனி கொடுத்த ஓர் அங்குலம் அங்கே எங்கே இருக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடவேண்டும்.

அந்த 130தான் தம்பிக்கு உறைத்தது. நாங்கள் வேட்டையாடப்போகும் இம்பாலா மானின் நெஞ்சுக்கூட்டில் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஒரு சின்னத் தட்டு அளவு. 200 மீட்டரில் அவன் 130 இரண்டு மடங்காகும், தட்டுக்கு வெளியே போய்விடும். இங்கே வேட்டைப் பண்ணைகளில் வழக்கம் தெரியும்தானே, இரத்தம் சிந்தினால் காசு, மான் ஓடிப் புதரில் மறைந்தாலும் காசு. 120 மீட்டருக்கு மேல் சுடுவதில்லை என்று அவனே எல்லை போட்டுக்கொண்டான். ஒரு மாதம் மாலையில் கொல்லைப்புறத்தில் வெறும் துப்பாக்கியோடு குச்சியில் நின்று பழகினான், சித்தி ஜன்னல் வழியாகப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஜூலைக் கடைசியில் வடக்கே ம்கூசே ஊர்ப் பக்கம் ஒரு பண்ணைக்குப் போனோம். முதல் நாள் 180 மீட்டரில் நல்ல கிடா ஒன்று பக்கவாட்டில் நின்றது, தம்பி ஸ்கோப்பில் பார்த்துவிட்டுத் துப்பாக்கியை இறக்கிவிட்டான். கூட வந்த பண்ணை ஆள் அவனை ஒரு மாதிரி பார்த்தார். மறுநாள் காலை 95 மீட்டரில் ஒரு இம்பாலா. ஒரே குண்டு, நாற்பது அடி ஓடி விழுந்தது. உரிக்கும்போது பார்த்தோம், குறிவைத்த இடத்திலிருந்து நான்கு விரல்கடை தள்ளி விழுந்திருந்தது. தட்டுக்குள்தான்.

பில்டாங், அதாவது மசாலா போட்ட உலர் இறைச்சி, செய்து தொங்கவிட்டாயிற்று. புரட்டாசிக்குள் தீர்த்துவிடவேண்டும் என்பது சித்தியின் உத்தரவு, அதற்கு நிபந்தனை எதுவும் கிடையாது.